ஓடியே ஆக வேண்டுமா, ஓடலாமா?

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை. நியூஜெர்சியில் ஏப்ரல் என்றால் வெயில் இருக்கும், சூடு இருக்காது. அப்பா ஸ்வெட்டரும் மஃப்ளருமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திருச்சியிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. என் மகனுக்குப் பத்து வயது, அந்த சீசன்தான் அவனுக்கு முதல் பேஸ்பால் சீசன். அவன் அடித்த பந்து தரையோடு உருண்டு நேராக ஒரு பையனின் கைக்கே போனது. மகன் பேட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றான். பயிற்சியாளர் "ஓடு, ஓடு" என்று கத்தினார். அவன் ஓடத் தொடங்கும் முன்பே பந்து முதல் பேஸுக்குப் போய்விட்டது. அவுட்.

அப்பா என் பக்கம் திரும்பி, "பந்து ஆள் கைக்கே போச்சு. இதுக்குப் போய் எதுக்கும்மா ஓடணும்? நோ சொல்லிட்டு நிக்க வேண்டியதுதானே?" என்றார்.

ஐம்பது வருடம் கிரிக்கெட் பார்த்தவரின் கேள்வி அது. என் மகனும் அதுவரை கொல்லைப்புறத்தில் எங்களோடு டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடியவன்தான். அவன் நின்றதற்கும் அப்பா கேட்டதற்கும் காரணம் ஒன்றே. கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் இருக்க உரிமை உண்டு. பேஸ்பாலில் அந்த உரிமை கிடையாது. பந்து எல்லைக் கோடுகளுக்கு உள்ளே விழுந்துவிட்டால் அடித்தவர் அந்த நொடியே ஓட்டக்காரர் ஆகிவிடுகிறார். முதல் பேஸுக்கு அவர் போயே ஆக வேண்டும்.

அந்த சீசன் முழுக்க எங்கள் அணிக்கு ஸ்கோர் எழுதியவள் நான். பெற்றோர் யாராவது எழுத வேண்டும், நான் கை தூக்கினேன். எழுத எழுத ஒன்று தெளிவானது. பேஸ்பால் விதிகள் நூறு இருந்தாலும், ஓட்டக்காரரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர் இப்போது ஓடியே ஆக வேண்டியவரா, விரும்பினால் ஓடலாம் என்ற நிலையில் இருப்பவரா? இதற்குப் பதில் தெரிந்தால், ஃபீல்டர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள், ஏன் பந்தை அந்தப் பக்கம் எறிகிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரிகிறது. அப்பாவுக்கு நான் சொன்னதும் இந்த வழியில்தான்.

மைதானம் ஒரு சதுரம், முனையில் நிற்கவைத்த சதுரம். கீழ் முனையில் ஹோம் பிளேட். அங்கிருந்து வலப்பக்கம் முதல் பேஸ், மேல் முனையில் இரண்டாம் பேஸ், இடப்பக்கம் மூன்றாம் பேஸ், திரும்ப ஹோம். நான்கையும் வரிசையாகத் தொட்டு வந்தால் ஒரு ரன். பெரியவர்கள் ஆட்டத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 90 அடி, சிறுவர்களுக்கு 60 அடி.

ஒரு பேஸில் ஒருவருக்குத்தான் இடம். முதல் பேஸில் ஏற்கெனவே ஒருவர் இருக்கும்போது புதிதாக ஒருவர் தரையோடு அடித்துவிட்டு ஓடிவருகிறார் என்றால், இருப்பவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். இரண்டாம் பேஸிலும் ஆள் இருந்தால் அவரும் நகர வேண்டும். கூட்ட பஸ்ஸில் பின்னாலிருந்து நெருக்கினால் முன்னால் இருப்பவர் நகர்ந்தே ஆக வேண்டும் இல்லையா, அந்த மாதிரி. நடுவில் ஒரு காலி இடம் வந்தால் நெருக்கடி அதோடு நின்றுவிடும். இரண்டாம் பேஸில் மட்டும் ஆள் இருந்து முதல் பேஸ் காலியாக இருந்தால், அவரைப் பின்னாலிருந்து தள்ள யாருமில்லை. அவர் ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம்.

தள்ளப்பட்டவரை அவுட் ஆக்குவது சுலபம். ஃபீல்டர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போக வேண்டிய பேஸைத் தொட்டால் போதும். இதற்கு ஃபோர்ஸ் அவுட் என்று பெயர். தள்ளப்படாதவரை அப்படி அவுட் ஆக்க முடியாது. பந்தாலோ, பந்து இருக்கும் கையுறையாலோ அவர் உடம்பைத் தொட வேண்டும். அது டேக்.

அப்பாவுக்கு முதலாவது உடனே பிடிபட்டது, நம்முடைய ரன் அவுட்டும் அப்படித்தானே. ஸ்டம்பைத் தட்டினால் போதும், ஆளைத் தொட வேண்டியதில்லை. ஆளைத் துரத்திப் போய்த் தொடுவதுதான் அவருக்கு விசித்திரமாக இருந்தது. "இது கபடியால்ல இருக்கு!" என்றார். இரண்டு பேஸ்களுக்கு நடுவில் ஒரு ஓட்டக்காரர் மாட்டிக்கொண்டு, இரு பக்கமும் ஃபீல்டர்கள் பந்தை மாற்றி மாற்றி எறிந்து நெருக்கும்போது அது கபடியேதான். தொடுகையிலிருந்து தப்ப, பேஸை நோக்கிய பாதையிலிருந்து 3 அடிக்கு மேல் விலகினாலும் அவுட்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். தள்ளுகிறவர் அவுட் ஆகிவிட்டால் தள்ளுதலும் போய்விடும். முதல் பேஸில் ஒருவர் இருக்கிறார். அடித்த பந்து முதல் பேஸ் ஃபீல்டரிடமே வருகிறது. அவர் முதலில் தன் பேஸைத் தொட்டு அடித்தவரை அவுட் ஆக்கிவிட்டு, பிறகு பந்தை இரண்டாம் பேஸுக்கு எறிந்தால், அங்கே பேஸைத் தொட்டு மட்டும் பயனில்லை. ஓடிவருகிறவரின் மேல் பந்தை வைத்தாக வேண்டும், ஏனென்றால் அவர் இப்போது திரும்பிப் போக உரிமை உள்ளவர். ஒரு நொடிக்கு முன் கட்டாயத்தில் ஓடியவர், அடுத்த நொடி சுதந்திரமானவர். நல்ல ஃபீல்டர்கள் பந்து வருவதற்கு முன்பே இதையெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

சரி, பந்து உயரப் பறந்து பிடிபட்டால்? அடித்தவர் அவுட். இங்கேதான் கிரிக்கெட் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. கேட்ச் பிடித்ததும் பந்து செத்துவிட்டது, ரன் கிடையாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பேஸ்பாலில் பந்து உயிரோடுதான் இருக்கிறது. பேஸில் இருக்கும் ஓட்டக்காரர்கள் தங்கள் பேஸுக்குத் திரும்பி, ஃபீல்டர் கையில் பந்து பட்ட பிறகு பேஸைத் தொட்டுவிட்டுப் புறப்படலாம். டேக் அப் என்று சொல்வார்கள்.

1954 செப்டம்பர் 29, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் வில்லி மேஸ் பிடித்த கேட்சைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். க்ளீவ்லாண்ட் அணியின் விக் வெர்ட்ஸ் அடித்த பந்தைத் துரத்தி, பிளேட்டுக்கு முதுகைக் காட்டியபடி ஓடி, தோளுக்கு மேலாக வந்து விழும் பந்தை ஏந்திய கேட்ச். அந்த வருட இறுதித் தொடரான உலக சீரிஸின் முதல் ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ் (மூன்று அவுட்டுக்கு ஒரு அணியின் முறை முடியும்; இரு அணிக்கும் ஒன்பது முறை, சமன் என்றால் இன்னும் நீளும்), 2-2 சமநிலை. எல்லோரும் கேட்சைப் பற்றியே பேசுவார்கள். நான் லாரி டோபியைப் பார்க்கிறேன். இரண்டாம் பேஸில் இருந்தவர் அவர். பந்து விழுந்திருந்தால் அவரும், முதல் பேஸில் இருந்த ஆல் ரோசனும் ரன் எடுத்திருப்பார்கள். மேஸ் பிடித்தவுடன் நிற்கவில்லை. தொப்பி கழன்று விழ, சுழன்று திரும்பி உள்ளே எறிந்தார். டோபி பேஸைத் தொட்டுவிட்டு மூன்றாம் பேஸ் வரைதான் போக முடிந்தது. ரோசன் முதல் பேஸிலேயே நின்றுவிட்டார். அன்று அந்த மைதானத்தின் நடுப் புல்வெளி அவ்வளவு ஆழம், வேகமான ஆள் இரண்டு பேஸ் கடந்துவிடக்கூடிய தூரம். அதனால் கேட்சைப் போலவே அந்த எறிதலும் பெரிது. அந்த இன்னிங்ஸில் ரன் எதுவும் வரவில்லை, பத்தாவது இன்னிங்ஸில் மேஸின் அணியான ஜயன்ட்ஸ் 5-2 என்று வென்றது.

அப்பா ஃபீல்டர்களை எண்ணத் தொடங்கியது மூன்றாவது ஆட்டத்தில். "பேஸுக்கு ஒரு ஆள்னு மூணு பேர் சரி. நடுவுல ஒருத்தன் சும்மா நிக்கிறானே, அவனுக்கு பேஸே இல்லையே?"

அவன்தான் ஷார்ட்ஸ்டாப். சும்மா நிற்பவன் இல்லை, பெரும்பாலும் அணியின் மிகச் சிறந்த ஃபீல்டர் அவனாகத்தான் இருப்பான்.

ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பந்தை எறியும் பிட்சர் 1, நம் விக்கெட் கீப்பர் மாதிரி அடிப்பவருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6. வெளியே புல்வெளியில் இடது ஃபீல்டர் 7, நடு 8, வலது 9. ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், ஆனால் எண் மட்டும் அந்த வரிசையில் வராது. அந்த இடம் பிறந்ததே வேறு விதமாக. 1849-50 வாக்கில் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப்பில் ஆடிய டாக் ஆடம்ஸ்தான் அந்த இடத்தில் முதலில் நின்றவர் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பந்து எடை குறைவு, வெளியிலிருந்து எறிந்தால் பிட்சர் வரை வராது. அதை நடுவில் வாங்கிக் கடத்திவிட ஒருவர் தேவைப்பட்டார். பந்து கெட்டியான பிறகு அவர் உள்ளே நகர்ந்து வந்தார்.

இன்னொன்றும் அப்பா கவனித்தார். இரண்டாம் பேஸ் ஃபீல்டர் இரண்டாம் பேஸில் நிற்பதே இல்லை. முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில் நிற்பார். பேஸ் எங்கும் ஓடிப் போகாது, பந்துதான் இடைவெளியில் ஓடும், அதனால் இடைவெளியைக் காக்கிறார். பந்து இடப்பக்கம் போனால் இரண்டாம் பேஸுக்கு இவர் ஓடுவார், வலப்பக்கம் போனால் ஷார்ட்ஸ்டாப் ஓடுவார். பேஸ் இருவருக்கும் பொது. முதல் பேஸ்காரர் மட்டும் தன் பேஸை விட்டு ரொம்பத் தூரம் போவதில்லை, தரையோடு வரும் ஏறக்குறைய எல்லா அடியும் கடைசியில் அவரிடம்தான் வந்து முடியும். வலது கை ஆட்டக்காரர்கள் வலுவாக இழுத்து அடிப்பது இடப்பக்கம் என்பதால் மூன்றாம் பேஸ்காரருக்கு யோசிக்க நேரமே கிடையாது. அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிய வேண்டிய தூரமும் அதிகம். இடது கைக்காரர்களை 4, 5, 6 இடங்களில் பார்ப்பது மிக அரிது. பந்தை எடுத்துவிட்டு முதல் பேஸ் பக்கம் எறிய அவர்கள் உடம்பை முழுக்கத் திருப்ப வேண்டியிருக்கும், அந்த அரை நொடியில் ஓட்டக்காரர் போய்ச் சேர்ந்துவிடுவார்.

பிட்சரையும் கேட்சரையும் தவிர மற்றவர்கள் கோடுகளுக்குள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதுதான் நெடுங்கால வழக்கம். டெட் வில்லியம்ஸ் எப்போதும் வலப்பக்கமே அடிக்கிறார் என்று 1946-ல் க்ளீவ்லாண்டின் லூ பூட்ரோ தன் ஃபீல்டர்களை மொத்தமாக அந்தப் பக்கம் நகர்த்தினார். பிற்காலத்தில் கம்ப்யூட்டர் கணக்கு வந்ததும் எல்லா அணிகளும் எல்லோருக்கும் இதைச் செய்யத் தொடங்கின. 2023 முதல் மேஜர் லீகில், பிட்சர் எறியும் நேரத்தில் இரண்டாம் பேஸின் இரு பக்கமும் இரண்டிரண்டு பேர் மண்தரையின் வெளி விளிம்புக்குள் நிற்க வேண்டும் என்று விதி. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. ஷார்ட்ஸ்டாப் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்து பந்தை மறிப்பதைப் பார்க்கத்தானே போகிறோம், அவர் முன்கூட்டியே அங்கே போய் நின்றுகொண்டால் பாய என்ன இருக்கிறது?

6-4-3. இந்த மூன்று எண்களை முதன்முறை எழுதிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் பேஸில் எதிரணிப் பையன். பந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு வந்தது, அவன் இரண்டாம் பேஸ்காரனுக்குக் கொடுத்தான், அவன் பேஸை மிதித்துத் திரும்பி முதல் பேஸுக்கு எறிந்தான். ஒரே பந்தில் இரண்டு அவுட். டபுள் பிளே. பத்து வயதுப் பையன்கள் செய்து முடித்ததைப் பார்த்து இரு பக்கப் பெற்றோரும் எழுந்துவிட்டோம். இரண்டு ஓட்டக்காரர்களும் கட்டாயத்தில் இருந்ததால்தான் இது முடிந்தது, யாரையும் தொட வேண்டியிருக்கவில்லை.

இந்த வசதியை ஃபீல்டர்கள் வஞ்சகமாகப் பயன்படுத்தாமல் இருக்கவும் ஒரு விதி உண்டு. முதல் இரண்டு பேஸ்களிலும் ஆள் இருந்து, இரண்டுக்குக் குறைவான அவுட் இருக்கும்போது, சுலபமாகப் பிடிக்கக்கூடிய பந்து உள்வட்டத்தின் மேல் எழும்பினால் அம்பயர் உடனே கையை உயர்த்தி, அடித்தவர் அவுட் என்று அறிவித்துவிடுவார். இல்லையென்றால் ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தை நழுவ விட்டு, கேட்சுக்காகக் காத்து நின்ற இருவரையும் சிக்கவைத்துவிடலாம். 1890-களிலேயே கொண்டுவந்த விதி இது.

யாரும் பந்தை அடிக்காமலே ஓடுவதும் உண்டு, அது ஸ்டீல். பிட்சர் எறியத் தொடங்கும் போதே அடுத்த பேஸை நோக்கிப் பாய்வது. பந்து பிளேட்டுக்கு வர சுமார் 1.3 நொடி, கேட்சர் வாங்கி 127 அடி தள்ளியிருக்கும் இரண்டாம் பேஸுக்கு எறிய சுமார் 2 நொடி. ஆக, 3.3 நொடிக்குள் போய்ச் சேர முடியுமா என்பதுதான் கணக்கு. ரிக்கி ஹெண்டர்சன் இப்படி 1,406 பேஸ்களைத் தன் வாழ்நாளில் எடுத்தார், நெருங்கக்கூட ஆள் இல்லை. 2023-ல் பேஸின் பக்கத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கி, ஓட்டக்காரரைத் தடுக்க பிட்சர் பேஸுக்கு எறியும் தடவைகளுக்கும் வரம்பு வைத்தார்கள். முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த ஸ்டீல் 3,503 ஆனது. எங்கள் பையன்களுக்கு இந்தக் கவலை பாதிதான், சிறுவர் விதிகளில் பந்து அடிப்பவரை அடையும் வரை பேஸை விட்டு நகரக் கூடாது.

ஹெர்ப் வாஷிங்டன் கதையை அப்பா இரண்டு முறை சொல்லச் சொன்னார். ஓட்டப்பந்தய வீரரான அவரை 1974-ல் ஓக்லாந்து அணி ஓடுவதற்காக மட்டுமே சேர்த்துக்கொண்டது. அடுத்த வருடத்தையும் சேர்த்து மொத்தம் 105 ஆட்டங்கள், 31 ஸ்டீல், 33 ரன், ஒரு முறைகூட பேட் பிடிக்கவில்லை. 1974 உலக சீரிஸில் முக்கியமான நேரத்தில் முதல் பேஸில் இறக்கினார்கள். பிட்சர் மைக் மார்ஷல் சட்டென்று திரும்பி எறிய, பேஸுக்கு வெளியே சிக்கி அவுட் ஆனார். வேகம் மட்டும் இருந்தால் போதாது, எப்போது ஓடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் பேரனுக்கும் தாத்தாவுக்கும் சேர்த்துச் சொன்ன கதை ஃப்ரெட் மெர்க்கிளுடையது. 1908 செப்டம்பர் 23, அதே போலோ கிரவுண்ட்ஸ் (அப்போது அது பழைய மரக் கட்டடம்). நியூயார்க் ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும் முதலிடத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். மெர்க்கிளுக்கு 19 வயது, வழக்கமாக ஆடுகிறவருக்கு முதுகுவலி என்பதால் இறக்கப்பட்டவர். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி, 1-1, இரண்டு அவுட். மூன்றாம் பேஸில் மெக்கார்மிக், முதல் பேஸில் மெர்க்கிள். ஆல் பிரிட்வெல் அடித்த பந்து நடுப் புல்வெளியில் போய் விழுந்தது. மெக்கார்மிக் ஹோம் வந்துவிட்டார். ஜயன்ட்ஸ் வென்றது என்று கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. மெர்க்கிள் இரண்டாம் பேஸைத் தொடாமல் பாதியிலேயே திரும்பி உடைமாற்றும் அறையை நோக்கி ஓடிவிட்டார்.

அவர் ஓடியே ஆக வேண்டியவர். மூன்றாவது அவுட் ஃபோர்ஸ் அவுட்டாக இருந்தால், அதற்கு முன் பிளேட்டைக் கடந்த ரன்னும் செல்லாது. கப்ஸின் இரண்டாம் பேஸ்காரர் ஜானி எவர்ஸுக்கு இது தெரியும். மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 4-ம் தேதி பிட்ஸ்பர்கில் இதே போன்ற ஒரு முடிவில் அவர் முறையிட்டிருக்கிறார். அன்று அம்பயர் ஹாங்க் ஓடே பார்க்கவில்லை என்று விட்டுவிட்டார். இன்றும் அம்பயர்களில் ஒருவர் அதே ஓடே. கூட்டத்துக்கு நடுவே எவர்ஸ் எப்படியோ ஒரு பந்தை வாங்கி இரண்டாம் பேஸில் நின்றார். ஆட்டத்தின் பந்தே அதுதானா என்ற சர்ச்சை இன்றுவரை தீரவில்லை. ஓடே மெர்க்கிளை அவுட் என்றார். ஆட்டம் சமன். சீசன் முடிவில் இரு அணிகளும் சம நிலையில் நிற்க, அக்டோபர் 8-ல் மறுபடி ஆடி கப்ஸ் 4-2 என்று வென்றது, உலக சீரிஸையும் எடுத்தது.

அந்தக் காலத்தில் ஆட்டம் முடிந்தது என்று தெரிந்ததும் ஓட்டக்காரர்கள் பாதியில் திரும்புவது சாதாரணம், கூட்டத்தில் சிக்காமல் தப்பிக்க எல்லோரும் செய்தது. மெர்க்கிள் அதன் பிறகும் பல வருடம் நன்றாக ஆடினார். அவருடைய மேலாளர் ஜான் மெக்ரா அவரைக் குறை சொல்லவே இல்லை. ஆனால் ஊர் அவருக்கு மண்டூகம் என்ற அர்த்தத்தில் வைத்த பட்டப்பெயர் கடைசிவரை போகவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தமாக இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையன், முன்னால் எல்லோரும் செய்ததைச் செய்தான்.

அப்பா நாற்காலியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை அடி மிச்சம் இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

ஜூன் கடைசி ஆட்டம். அடுத்த செவ்வாய் அப்பாவுக்கு ஃப்ளைட். கடைசி இன்னிங்ஸ், 7-7, இரண்டு அவுட். மூன்றாம் பேஸில் எங்கள் பையன் ஒருவன், முதல் பேஸில் என் மகன். அடுத்து வந்த சிறுமி பந்தை ஷார்ட்ஸ்டாப்பின் தலைக்கு மேல் தட்டி இடது புல்வெளியில் போட்டாள். மூன்றாம் பேஸ் பையன் வந்து பிளேட்டை மிதித்தான். எல்லாப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு அந்தச் சிறுமியை நோக்கி ஓடினார்கள்.

அப்பா எழுந்து கம்பி வேலி வரை போய்விட்டார். "ரெண்டைத் தொடுடா! ரெண்டாவதைத் தொடு!" என்று தமிழில் சத்தம் போட்டார்.

அவன் ஏற்கெனவே இரண்டாம் பேஸ் மேல் இரண்டு காலையும் வைத்து நின்றுகொண்டிருந்தான். கூட ஆடும் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், வரவில்லை. இடது ஃபீல்டர் பையன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே அவனைத் தாண்டி நடந்து போனான். அம்பயர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறும் வரை அவன் பேஸை விட்டு இறங்கவே இல்லை.